மதினி வீட்டுக் கவளம்

இருளாயி மதினிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது இருநூற்று முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. எண்பத்தொன்றில் வாங்கியது. ஆறு வருசமாகக் கொடுக்கவில்லை. கையில் இல்லாமல் இல்லை. சோற்றில் எனக்கு மருந்து வைத்தவளே அவள்தான் என்று நினைத்திருந்தேன்.

அண்ணன் செத்துப் பதினாறு கும்பிட்ட மறுவாரம், அவள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன். இரண்டாவது கவளம் நெஞ்சுக்குழிக்கு மேலே நின்றுவிட்டது. அன்றைக்குத் தொடங்கியது. முதலில் சோறு இறங்காது, பிறகு தண்ணீரும் இறங்காது. படுத்தால் தின்றது அப்படியே மூக்கு வழியாக வரும். செங்கல் சூளையில் பத்துக் கல் தூக்கியவன் நாலு கல்லுக்கு மூச்சு வாங்கினேன்.

என் சம்சாரம் மலையம்மாள் சமயநல்லூர்ப் பக்கம் மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப்போனாள். அவர் பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தியெடுக்க வைத்து, வெற்றிலையில் ஒரு மயிர்ச்சுருளைக் காட்டினார்.

"சொந்தத்துல ஒரு பொம்பள ஆளு வச்சிருக்கு," என்றார்.

வேறு யார்? அண்ணன் வீடும் என் வீடும் ஒரே மனையில். நான் கண்ணை மூடினால் மலையம்மாளை விரட்டிவிட்டு மனை முழுக்க அவளே எடுத்துக்கொள்ளலாம்.

மயிர் வெளியே வந்தும் சோறு இறங்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மதினிதான் ஆட்டை விற்றுப் பணம் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன். வைத்தவளுக்கு இப்போது பயம் வந்துவிட்டது, அதனால்தான் கொடுக்கிறாள் என்று என் மனசு சொன்னது.

டாக்டர் விளக்கு வைத்த குழாயை வாய் வழியாக விட்டுப் பார்த்தார். உணவுக்குழாயின் அடிவாசல் திறக்காமல் இறுகிக் கிடக்கிறதாம். அங்கே ஒரு பலூனை வைத்து ஊதி விரித்தார்கள். நெஞ்சு கிழிந்ததுபோல் வலி. மூன்றாம் நாள் இட்லி இறங்கியது. ஊர் திரும்பிய பிறகும் மதினி வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மலையம்மாளையும் போகவிடவில்லை.

போன மாசம் ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். பலூன் வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் வந்து காட்ட வேண்டும், பஸ் காசு தருவோம் என்று இருந்தது. சும்மா யார் பஸ் காசு கொடுப்பார்கள்? உள்ளே எதையாவது விட்டுவிட்டார்களோ என்று பயந்துகொண்டே போனேன்.

பெஞ்சில் ஒத்தக்கடை ஊர்க்காரர் ஒருவர், மொக்கையன் என்று பேர், பக்கத்தில் இருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு யாரு மருந்து வச்சது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கா? பொண்டாட்டியும் இல்ல, கூடப்பொறந்ததும் இல்ல. பத்து வருசமா ஓட்டல் சோறு. வச்சிருந்தா ஓட்டல்காரன் ஒத்தக்கடைக்கே வச்சிருக்கணும் மாப்ள!"

பெஞ்சே சிரித்தது. பதினோரு பேர் இருந்தோம். எல்லோருக்கும் அதே இடத்தில் அதே அடைப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற ஒன்றைக் குடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள்.

"பலூன் வச்சவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு பாக்கத்தான் கூப்பிட்டோம். நிறையப் பேர் நல்லா இருக்காங்க. சில பேருக்குத் திரும்ப இறுகுது. உங்களுக்கும் கொஞ்சம் இறுகியிருக்கு," என்றார் டாக்டர். "மென்னு தின்னுங்க, தண்ணி குடிங்க. ரொம்ப நின்னுச்சுன்னா இன்னொரு தடவை ஊதணும்."

"யாராச்சும் சோத்துல வச்சா இப்படி ஆகுமா சார்?"

"ஆகாது. அந்த இடத்துல நரம்பு கெட்டுப்போகுது. ஏன் கெடுதுன்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல."

தெரியவில்லை என்று சொன்னதால்தான் அவரை நம்பினேன். மருந்து எடுத்தவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை கூலி வாங்கி, இருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மதினி வாசலில் நின்றேன்.

"என்ன கொழுந்தனாரே, வழி தெரிஞ்சிருச்சா?"

பணத்தை நீட்டினேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஐம்பது காசு வரைக்கும் எண்ணினாள்.

"இம்புட்டு நாளைக்கு அந்த ஆடு எத்தன குட்டி போட்டிருக்கும்!"

"சோறு இருக்கா மதினி?"

உற்றுப் பார்த்தாள். இந்தத் தடவை சந்தேகம் அவள் கண்ணில் இருந்தது.

"எதுக்கு? மறுபடி நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஊரக் கூட்டவா?"

ஆனாலும் வட்டிலில் போட்டாள். கருவாட்டுக் குழம்புதான். முதல் கவளம் போயிற்று. இரண்டாவது அதே இடத்தில் நின்றது. அவள் முகத்தைப் பார்க்காமல் சொம்பை எடுத்துக் குடித்தேன். மெதுவாக இறங்கியது.

"என்ன, நிக்குதா?"

"கொஞ்சம் நிக்கும்னுதான் டாக்டர் சொன்னாரு. குழம்பு ஊத்துங்க மதினி."

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கரண்டியை எடுத்தாள்.