பல்லக்கில் போன ஞானாம்பாள்

இழவு வீட்டில்கூட இப்போது யாரும் அழுவதில்லை, எவளாவது பாடினால் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இதென்ன கல்யாணமா... என் பெண்சாதி ஞானாம்பாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றாள், வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் தங்கச்சி ராசம்மாள் பட்டுக்கோட்டையிலிருந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாள், நல்ல குரல், அதில் குறை சொல்ல மாட்டேன், நானும் பந்தலில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்... “பல்லக்குல ஏத்தி வச்சு, பட்டுக்குடை நெழல் புடிச்சு, ஆசுபத்திரி கூட்டிப்போன அத்தானை விட்டுட்டுப் போறியே, எங்கக்கா...” என்ன பாடினாள் இவள்? பல்லக்கா? பக்கத்து நாற்காலி பஞ்சநதம் என் தொடையைத் தட்டி, “பல்லக்கை எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே முருகையா, நாங்க பார்த்ததே இல்லையே” என்கிறான்.

நாலு வருஷம் இருக்கும், தை மாசம், அறுப்பு மெஷின் வயலில் நிற்கிறது, விட்டால் பத்து நாளைக்கு வராது, வானமோ மூடிக்கொண்டு வருகிறது. வரப்பில் வந்து நின்று, நெஞ்சை அடைக்குதுங்க, வலங்கைமான் ஆசுபத்திரி வரைக்கும் வர்றீங்களா என்றாள். மெஷின் போகட்டும் என்றேன். உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூறலில் தனியாக பஸ்ஸுக்கு நடந்தாள். சாயங்காலம் மாத்திரையோடு வந்தவளிடம் நான் கேட்டது, மெஷின் டிரைவருக்கு டீ போட்டியா... அவ்வளவுதான். அப்புறம் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை, மறந்துவிட்டாள் என்றல்லவா இருந்தேன்? சாக்குக்குக் குடை, நடைக்குப் பல்லக்கு, ஒன்றுவிடாமல் எடுத்துப் பாடுகிறாளே ராசம்மாள், பாடிக்கொண்டே என்னைப் பார்த்தாள், கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மருமகன் குணசேகரன், பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தான். “மனசுல வச்சுக்காதீங்க மாமா, பாட்டுன்னா கூட்டித்தான் சொல்லுவாங்க, உயர்வு நவிற்சின்னு அதுக்குப் பேரு.” கூட்டிச் சொல்வதா? ஒரு மரக்கால் நெல்லைப் பத்து மரக்கால் என்றால் அது கூட்டிச் சொல்வது, பதர்கூட இல்லாத களத்தில் நின்று பத்து மரக்கால் என்றால்? இவன் படித்தவன், எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், ஆனாலும் அவள் என்னைப் புகழவில்லை என்பது எனக்குத் தெரிகிறது, இவனுக்குத் தெரியவில்லையே... ஞானாம்பாள் எப்போது சொன்னாள், போனிலா, பொங்கலுக்குப் போனபோதா? இதைச் சொன்னவள் இன்னும் எதையெல்லாம் சொல்லியிருப்பாள்? நாலு வருஷமாக எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல்... “தங்கத் தொட்டில் கட்டி...” என்று ராசம்மாள் அடுத்ததை எடுத்தாள். எழுந்துவிட்டேன். “உட்காருங்க மாமா, வெறும் பாட்டுதானே” என்று குணசேகரன் கையைப் பிடித்தான். வெறும் பாட்டாம். உதறிவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தேன், அந்த வரி முடிந்து காதில் விழுவதற்குள்.