மொம்பாசா வாசலில் மஞ்சள் துணி

மொம்பாசா துறைமுகம் கண்ணில் பட்ட காலையில் அந்த யாட் படகில் இருந்த மூன்று பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இருபத்தொரு நாள் வெறும் தண்ணீரையே பார்த்து வந்தவர்கள் கரையைக் கண்டால் குதிப்பார்கள் என்பார்கள். இங்கே குதிக்க ஒருவருக்கும் மனசில்லை. வானத்தை முட்டிய கிரேன்களும், மாடி மாடியாகப் பெட்டி அடுக்கிய கப்பல்களும், அவற்றுக்குப் பின்னால் வெயிலில் வெளுத்துக் கிடந்த பெரிய ஊரும் மெல்லக் கிட்டே வந்தன. இன்ஜின் அறையிலிருந்து தலையை நீட்டிக் காளியண்ணன் பார்த்தான். இந்த ஊரில் கால் வைத்தால் விமானம். விமானம் ஏறினால் திருச்செங்கோடு. இன்றைக்கு ஒன்பதாம் நாள் அவன் மகள் கயல்விழிக்குக் கல்யாணம், தாரை வார்க்க அப்பன் வேண்டும்.

கால் வைக்கத்தான் வழியில்லை. அவன் பாஸ்போர்ட், படகின் ஓனர் சென்னியப்பனின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

சென்னியப்பன் பக்கத்து ஊர்க்காரர். ஒற்றை ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட ஆரம்பித்து, ஆப்பிரிக்காவில் ஏழு வண்டி ஓட்டுகிற அளவுக்கு வளர்ந்தவர். ஆயிரம் அடி துளைத்தாலும் புழுதி பறக்கிற சீமையில் பிறந்த மனுஷனுக்கு, சொந்தப் படகில் போய் வெளிநாட்டில் இறங்க வேண்டும் என்று ஓர் ஆசை. கொச்சியில் பழைய யாட் ஒன்றை வாங்கினார். ஓட்டுவதற்குக் கோவாக்காரக் கேப்டன் ஒருவரைப் பிடித்தார். இன்ஜினுக்கு, பதினெட்டு வருஷமாகத் தன் ரிக்குகளைக் கட்டி மேய்த்த மெக்கானிக் காளியண்ணனை இழுத்துக்கொண்டார். மொம்பாசாவில் இறக்கிவிடுகிறேன், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் இருக்கலாம் என்று வாய் நிறையச் சொன்னார்.

பத்தாம் நாள் கடல் புரட்டி எடுத்தது. பகல் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று இன்ஜினை நிற்கவிடாமல் காப்பாற்றியவன் காளியண்ணன். அதுதான் அவன் செய்த பிழை. இந்தக் கிழட்டு இன்ஜின் வேறு யார் கைக்கும் அடங்காது என்று ஓனருக்குப் புரிந்துவிட்டது. பதினாலாம் நாள், மொம்பாசாவில் இறங்கக்கூடாது, தென்னாப்பிரிக்காவில் டர்பன் வரைக்கும் வந்தாக வேண்டும் என்றார். கல்யாணத்தைச் சொன்னபோது தட்டிலிருந்து தலைகூட நிமிரவில்லை.

"ஏம்ப்பா, நீ இல்லீனா தாலி ஏறாதா?" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பின் ஏழு நாளாகக் காளியண்ணன் இன்ஜின் அறையிலேயே சோறு தின்றான்.

துறைமுக வாய்க்கு வந்ததும் கேப்டன் இழுப்பறை இழுப்பறையாகக் குடையத் தொடங்கினார். அயல்நாட்டிலிருந்து வருகிற படகு, 'எங்களுக்கு நோய்நொடி இல்லை, வந்து சோதித்துக்கொள்ளுங்கள்' என்பதற்கு அடையாளமாக மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். இருந்தது ஒரே கொடி. அதைக் காணவில்லை. அதற்குள் ரோந்துப் படகு ஒன்று வந்து சுற்றியது. கொடி ஏறாமல் ஒரு அடி நகரக்கூடாது, நங்கூரம் போட்டு நில் என்று ஒலிபெருக்கி அதட்டியது. துப்பாக்கி வைத்திருந்த இருவர் இமை கொட்டாமல் பார்த்தார்கள். ஏழு ரிக் ஓனர் வெயிலில் கள்ளனைப் போல நிறுத்தி வைக்கப்பட்டார். ஆத்திரத்தில், நடந்தது யார் வேலை என்று இருவரையும் பார்த்துக் கத்தினார்.

காளியண்ணனுக்குச் சுருக்கென்றது. கடல் புரட்டிய அன்று இழுப்பறையில் ஒரு புது மஞ்சள் துணி கிடந்தது. ஓரத்தில் கயிறு கோத்திருந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. ஆபத்து நேரத்தில் மஞ்சள் துணி கண்ணில் பட்டால் அவன் ஊர்க்காரனுக்கு வேறு யோசனை வருமா? ஒரு ரூபாய்க் காசை மூலையில் வைத்து முடிந்தான். "கரட்டு மாரியாத்தா, எம்பொண்ணு கல்யாணத்துல என்னைக் கொண்டுபோயி நிறுத்து" என்று வேண்டி இடுப்பில் செருகிக்கொண்டான். ஓனரின் பெயரை அவன் நினைக்கவேயில்லை.

இப்போது இடுப்பிலிருந்து துணியை எடுத்தான். அவிழ்த்துக் கொடு என்று கேப்டன் கையை நீட்டினார். சென்னியப்பனின் கத்தல் பாதியில் நின்றது. அவரும் அதே மண்ணில் பிறந்தவர்தானே. பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"முடிஞ்சு வெச்சதா?" என்றார். "ஆருக்கு?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. தாலி ஏறாதா என்று கேட்ட வாயைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

"உங்களுக்குத்தானுங்க. அன்னைக்கு வாந்தியெடுத்துக் கண்ணு சொருகிக் கெடந்தீங்க. ஓனரு உசுரக் காப்பாத்துன்னு முடிஞ்சேன்."

கேப்டனுக்கு அலுத்துவிட்டது. முடிச்சு இருந்தால் என்ன, அப்படியே ஏற்றிவிடலாம் என்றார். "ஆகாது" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். ஏழு நாளில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

"சொன்னீங்கன்னா அவுத்தர்றேனுங்க," என்றான் காளியண்ணன், நிதானமாக. "அவுத்தா வேண்டுதல் போச்சு. இல்லீனா முடிஞ்சவனே நேர்ல போயி உண்டியல்ல போடோணும். டர்பனுக்கு வந்தா எப்பப் போயிச் சேருமோ, எனக்குத் தெரியாதுங்க."

சென்னியப்பன் அவனைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றிக்கொள்ளும். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். பாஸ்போர்ட்டை வீசினார். அது காளியண்ணன் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. இனி என் ரிக் நிற்கிற பக்கம் உன் நிழல்கூடப் படக்கூடாது என்றார். பதினெட்டு வருஷம் அதோடு முடிந்தது. குனிந்து எடுக்கும்போது காளியண்ணனுக்குக் கண் கலங்கத்தான் செய்தது.

கொடிக்கு ஓனரின் வெள்ளை வேட்டி கிழிபட்டது. சமையல் கட்டிலிருந்த மஞ்சள் பொடியைக் கரைத்து முக்கி, ஈரத்தோடே கேப்டன் ஏற்றினார். வெள்ளைத் தளமெங்கும் மஞ்சள் சொட்டியது. ரோந்துப் படகில் இருந்தவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, வா என்று கையசைத்தார்கள்.

சோதனையெல்லாம் முடிந்து, முத்திரை வாங்கிக்கொண்டு காளியண்ணன் வெளியே வந்தபோது உச்சி வெயில். வழியில் நிற்கிறாய் என்று சுமைக்காரர்கள் அவனுக்குப் புரியாத மொழியில் திட்டினார்கள். ஒதுங்கிப் போய் ஒரு கல்படியில் உட்கார்ந்தான். ஏமாற்றிவிட்டோம் என்று சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் துணியின் முடிச்சைப் பார்த்தான். முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டல்லவா அந்தாளின் பெயரைச் சொன்னான்? ஓனர் கேட்டார் சரி, ஆத்தாளும்தானே கேட்டிருப்பாள்? டர்பன் போகிற வழியில் அந்த இன்ஜின் நின்றுபோனால்?

தூரத்தில் யாட் நின்றது. கம்பத்தில் வேட்டித் துண்டு காய்ந்து விறைத்திருந்தது. அதையே வெறித்துக்கொண்டிருந்தவன், பர்ஸில் மிச்சமிருந்த ஒரு ரூபாயை எடுத்து, துணியின் அடுத்த மூலையில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு முடிந்தான்.

"அந்தாளையும் கரை சேத்து, ஆத்தா. எனக்குப் புடிக்கலை. ஆனாச் சொல்லிப்போட்டேன்."