நேராகிப்போன கரை

பகலில் மண்டி மொஹல்லா கடைத்தெருவில் கைபேசி உறை விற்கிறேன். மாலையில் நில அளவை வகுப்புக்குப் போகிறேன். இரண்டையும் ஒழுங்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

வகுப்புப் பயிற்சிக்கு நஞ்சன்கூடு பக்கம் சித்தையன் அண்ணனின் குத்தகை வயலைத் தேர்ந்தெடுத்தேன். மார்டள்ளியிலிருந்து வந்து ராகியும் அவரையும் போடுகிறவர். வயலோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழைய மண்கரை உண்ணிச்செடி மூடிக் கிடந்தது. எங்கே நின்றாலும் அதன் முழு நீளம் கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் படத்திலும் வெறும் புதர்தான். கரையில் மூங்கில் குச்சிகளை நட்டேன். நடுவயலில் நின்று ஒவ்வொரு குச்சிக்கும் கைபேசித் திசைகாட்டியால் கோணமும் டேப்பால் தூரமும் எடுத்தேன். கணினியில் ஏற்றியபோது கரை வில்லாக வளைந்தது. வட்டமான மண்கோட்டையின் ஒரு பக்கம் மாதிரி.

நிலச் சொந்தக்காரர் வயலை மனைகளாகப் பிரிக்க முடிவு செய்திருந்தார். கோட்டை என்றால் தொல்லியல்காரர்கள் வந்து பார்ப்பார்கள், அதுவரை சொந்தக்காரர் மண்ணைத் தொட முடியாது என்று அண்ணனிடம் நான்தான் சொன்னேன். "இருக்கலாம்" என்றும் சேர்த்தேன். அது அவர் காதில் ஏறவில்லை போலும். ஹனூரில் கிடைக்கவிருந்த வேறொரு குத்தகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

படத்தைத் தொல்லியல் துறைக்கு அனுப்புவதற்கு முன் சரிபார்க்க, கன்னடம் கலந்து பேசும் வகுப்புத் தோழி அக்ஷதாவை அழைத்துப் போனேன். அதே குச்சிகளுக்கு அவள் கைபேசியில் வேறு கோணங்கள் வந்தன.

"சீனு, இந்த கவர் எங்க வாங்கின?"

"எங்க கடையிலதான்."

"காந்தப் பூட்டு இருக்கு கணோ! கஸ்டமர்கிட்ட என்ன சொல்லி விக்கிற?"

"நல்ல ஸ்ட்ராங் காந்தம், தானா திறக்காதுன்னு."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

உறையைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். கரை நேராகப் பக்கத்து ஏரியைப் பார்த்துப் போனது. பழைய வாய்க்கால் கரை. கோட்டை எதுவும் இல்லை.

சித்தையன் அண்ணன் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, கோட்டை இல்லைங்க. காந்தம் இருக்கற உறையோட தப்பா அளந்துட்டேன்."

"அப்ப அந்த உறைய மாட்டிக்கிட்டு இன்னொருக்கா அளங்க தம்பி. ஆருக்குத் தெரியப் போவுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வந்து பாத்தா தெரிஞ்சுடுங்கண்ணா."

"வந்து பாக்கற வரைக்குமாச்சும் வயலு நிக்குமில்லீங்க? ஒரு போகம் எடுத்துக்குவேன்."

அக்ஷதா கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஹனூர் குத்தகைக் காடுங்கண்ணா?"

"அதைய பாப்பாயி மவன் எடுத்துக்கிட்டானுங்க. போன வாரமே."

நேரான படத்தைத்தான் அனுப்பினேன். அது நேர்மையா, மாட்டிக்கொள்வோம் என்ற பயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வாய்க்கால் கரைதான், நேரில் வந்து பார்க்கத் தேவையில்லை என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது ஜேசிபி ஏரிப்பக்க முனையிலிருந்து பாதிக்கரையைச் சமமாக்கியிருந்தது. சித்தையன் அண்ணன் மண்வெட்டி, களைக்கொத்தோடு என் மூங்கில் குச்சிகளையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தார்.

"மண்ணோட போயிருமேன்னு புடுங்கி வெச்சேனுங்க" என்றார்.

ஊருக்குக் கிளம்ப வைத்திருந்த கட்டை அவிழ்த்து, என் குச்சிகளை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதியை மறுபடி இறுக்கிக் கட்டினார்.