கீழே கண்டவரை நான் காப்பாற்றி வருகிறேன்

கோர்ட் கவுன்டரில் பேனாவைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவர்களும் என்னைப் போலத்தான், ஒருத்தனையும் நம்புவதில்லை.

என் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி நான் வேலை பார்க்கிற மர ஆலைக்கு உத்தரவு வந்துவிட்டது. என் மனைவி ஓபல் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பதினோரு நாளுக்கான பில். படித்துப் பார்க்காத தாளில் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. அவளைச் சேர்த்த அன்றைக்கு மட்டும், அவள் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டே, நீட்டியதிலெல்லாம் போட்டேன்.

எங்கள் மிசௌரி மாநிலச் சட்டம் இதுதான்: குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்துதான் பிடிக்கலாம். ஒண்டிக்கட்டை என்றால் இருபத்தைந்து. பத்து போதுமென்றால், யாரைக் காப்பாற்றுகிறேன் என்று கோர்ட்டில் பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து போனால் என் டிரெய்லர் வீடு நிற்கிற மனைக்கு வாடகை கொடுக்க முடியாது.

ஆலையில் பக்கத்து ரம்பத்தில் நிற்கிற ராய்ஸ், நான் கிளம்பும்போது சொன்னான்: "யோவ் கெழவா, ஓபல் பேரையே எழுதிட்டு வாய்யா. செத்தவங்களை எவன் எண்ணிப் பார்க்கப் போறான்? மனசு வரலேன்னா உன் நாய் பேரை எழுது. அதுவும் உன் சம்பளத்தைத்தானே திங்குது!"

'கீழே கண்டவரை நான் காப்பாற்றி வருகிறேன்' என்ற வரிக்கு அடியில் ஓபல் என்று எழுதி நீட்டினேன்.

கவுன்டரில் இருந்த வெர்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்ஜில், துக்கத்துக்குக் கோழியும் நூடுல்ஸும் கொண்டாந்தேனே, அந்தக் கண்ணாடிப் பாத்திரம் உங்க வீட்லதானே இருக்கு?"

"கழுவி வச்சிருக்கேன்."

"அவசரமில்ல, இருக்கட்டும்."

அடியில் அவள் பேர் ஒட்டிய பாத்திரம். எங்கள் ஊரில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் துக்கம் முடிந்ததென்று அர்த்தம். அப்புறம் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். நாலு மாதமாகக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

அவள் என் தாளைத் திருப்பி என் பக்கமே தள்ளினாள். அதன்மேல் புதுத்தாள் ஒன்றை வைத்தாள். "சத்தியம் பண்ற தாளு இது. நான் இன்னும் எதையும் படிக்கல."

"அந்த வரியைக் காலியா விட்டா?"

"இருபத்தஞ்சுதான் பிடிப்பாங்க."

விட்டேன். முத்திரை குத்தும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய தாளை வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஏறாது. முடி கலைகிறதென்று ஓபல் இருபது வருஷம் திட்டிய கண்ணாடி. சோளக்காட்டுப் பக்கம் திரும்பியதும் காற்று தாளைத் தூக்கியது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே, மறுகையை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன்.