வரைபட அறையின் பாஸ்வேர்ட்

பதினான்கு வருஷம் வீட்டு வரைபடம் வரைந்துகொடுத்த அலுவலகத்தின் படியில், வேலையை விட்டு நிறுத்தப்பட்ட நாற்பதாம் நாள் அக்கா மறுபடி ஏறினாள். அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்த முதலாளிக்கும்கூட. மரியாதையெல்லாம் வாயோடு சரி.

கூப்பிட்டதென்னவோ அவர்கள்தான். புது மேனேஜரான முதலாளியின் மருமகன், வந்த வேகத்தில் கம்ப்யூட்டரிலிருந்து அவள் பெயரை நீக்கியிருந்தான். எதையும் சேர்க்கவும் மாற்றவும் வேண்டிய நிர்வாகி உரிமை அந்தப் பெயருக்கு இருந்தது. அதை விட்டால் அந்த உரிமை உள்ளது அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு கணக்குக்கு மட்டும்தான். அதன் பாஸ்வேர்ட் அக்காவின் தலைக்குள் இருந்தது. அவளை அனுப்பிய அன்று சாவியை வாங்கினார்கள், அடையாள அட்டையை வாங்கினார்கள், இதைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இப்போது புதிதாக வாங்கிய பெரிய பிரிண்டரைச் சேர்க்கக்கூட வழியில்லாமல் இரண்டு நாளாக முழித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலையைத் திரும்பக் குடுங்க, சொல்றேன்" என்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தபடி வந்ததால் குரல் நடுங்கவில்லை.

"நமக்குள்ள என்னக்கா பேரம்? முதல்ல திறந்து குடுங்க. அப்புறம் உக்காந்து பேசுவோம்" என்றார் முதலாளி.

"நாப்பது நாளா உக்காந்துதான் சார் இருக்கேன்."

மருமகன் முகத்தைச் சுளித்துக்கொண்டு செல்போனோடு வெளியே போனான். முதலாளி அரை நாள் வேலை என்று இறங்கி வந்தார். அக்கா முழு நாள் என்றாள். அவர் தாடையைச் சொறிந்தார். அவள் உள்ளுக்குள் பூரித்துப்போனாள்.

அப்போதுதான் மருமகன் ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கோடு திரும்பி வந்தான். வந்தவன் பென் டிரைவைச் செருகினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான், கறுப்புத் திரையில் நாலைந்து வரி தட்டினான். அக்காவுக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"இதுக்கா சார் ரெண்டு நாள்? பழைய பாஸ்வேர்டை அழிச்சாச்சு. புதுசு போடுங்க."

முதலாளியின் நாற்காலி திரைப் பக்கம் திரும்பியது. முழு நாளா அரை நாளா என்ற பேச்சு அப்படியே நின்றுபோனது.

மருமகன் உட்கார்ந்து கீபோர்டில் கை வைத்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.