பல் டாக்டரின் வலது கால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பயத்தில் பிறந்தது. பல் டாக்டர் பல்லைக் குடையும் மிஷினைக் கையில் பிடித்திருந்தாலும், அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் காலடியில் இருக்கும் பெடல்தான் என்று தெரிந்த நாளிலிருந்து நான் அவர்களுடைய கால்களையே பார்க்கிறேன். அந்தக் காலைப் பக்கவாதம் தாக்கினால்?

2

வெளியே மழை பெய்துகொண்டி... (வேண்டாம். சிகிச்சை அறைக்குள் மழைக்கு என்ன வேலை?)

பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தரையில் ஓரடி இடைவெளியில் இரண்டு சிவப்பு வட்டங்கள். கால் கட்டைவிரலால் மாறி மாறித் தொட வேண்டும். இருபது நொடி. உள்ளே பட்டால்தான் கணக்கு.

"ஆடாம உக்காருங்க டாக்டர்" என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

"முப்பது வருஷமா நான் சொன்ன டயலாக் அது" என்றார்.

இடது கால் முப்பத்தொன்று தொட்டது. வலது கால் மூன்று மாதம் முன்பு ஆறு, போன வாரம் பதினாறு. இருபது வந்தால் திங்கட்கிழமை கிளினிக்கைத் திறப்பதாக அவரே முடிவு கட்டியிருந்தார்.* அவர் மனைவி அதற்குள் ஏழு பேருக்கு நேரம் கொடுத்துவிட்டார்.

* இது மருத்துவக் கணக்கு அல்ல, பிடிவாதக் கணக்கு.

3

பிசியோவை முதலில் கண்டிப்பானவளாக எழுதினேன். பொம்மை மாதிரி நின்றாள். இளகிய மனசுக்காரியாக மாற்றினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

"இருபது" என்றார், பக்கத்தில் நின்று வலது காலுக்கு எண்ணிக்கொண்டிருந்த மனைவி, கடிகாரம் கூவியதும்.

கடைசித் தொடுதலில் விரல் பாதி வட்டத்தில், பாதி வெறுந்தரையில். பிசியோ பார்த்துவிட்டாள். பேனா நகரவில்லை. மூன்று மாத உழைப்பு, பாவம். ஒன்றைச் சேர்த்துப் போட்டால் குடியா முழுகிவிடும்?

முடிவு அ: இருபது என்று எழுதினாள். எல்லாரும் சிரித்த... (அடித்துவிட்டேன். எனக்கே கடைவாய்ப்பல் வலிக்கிறது.)

முடிவு ஆ: பத்தொன்பது என்றாள். மனைவி கண்ணைத் துடைத்து... (மனசு வரவில்லை.)

4

நான் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்கையில் டாக்டரே பேசிவிட்டார்.

"ஒண்ணு கேக்கறேம்மா. திங்கக்கிழமை மொத பேஷன்ட்டா வந்து வாயத் தொறப்பீங்களா?"

பிசியோ பதில் சொல்ல நினைத்தாள். வாய் இறுக மூடிக்கொண்டது.

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பத்தொம்பதுன்னே போடுங்க."

"அந்த ஏழு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் மனைவி கடுப்பாக.

"டாக்டர் இன்னும் பாஸாகலன்னு சொல்லு."

மனைவி முறைக்கத்தான் பார்த்தார்; சிரிப்பு முந்திக்கொண்டது. பிசியோவுக்கு இருவரையும் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

5

ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு இன்னொரு முறை உண்டு. கால் தயாராக இருக்கிறது. இந்தத் தடவை நான் எண்ணப்போவதில்லை, பிசியோவும் எண்ண மாட்டாள். கடிகாரம் உங்கள் கையில். இரக்கப்பட்டு ஓரத்தில் பட்டதையும் சேர்த்துவிடாதீர்கள். திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாயப்போவது நீங்கள்தான்.