ஸோல்வாவின் வலப்பக்கம்

1

இந்தக் கதையை நான் ஒரு கடிதத்திலிருந்து சுட்டேன். டென்மார்க்கிலிருந்து டோவா ப்ரூன் என்ற பெண்மணி, நான் சம்பளமில்லாமல் தூசி தட்டும், இங்கிலாந்திலுள்ள கோவென்ட்ரி கார் அருங்காட்சியகத்துக்கு எழுதியது. கூடவே ஒரு பச்சைக் காரின் இரண்டு படங்கள். இடப்பக்கப் பெயர்த் தகட்டில் ‘ஸோல்வா’, வலப்பக்கத்தில் ‘வென்ட்னர்’.

இங்கே பிறந்த அந்தச் சின்னக் கார் உள்ளூரில் வென்ட்னர், டென்மார்க்கில் ஸோல்வா, கனடாவில் பிக்ஃபர்ட். (நிஜப் பெயர்களை மாற்றிவிட்டேன். இத்தனை பெயர் தாங்கிய வண்டி இன்னும் மூன்றைத் தாங்காதா?) மாறியது தகடு மட்டும்தான். அதைப் பொருத்தும் இரண்டு துளைகள்கூட எல்லா நாட்டுக்கும் ஒன்றே.

பழைய கார் சங்கத்தார், யாரோ பிறகு ஒட்டிய தகடு, வண்டி போலி என்று டோவாவை அணிவகுப்பில் சேர்க்க மறுக்கிறார்கள். தொழிற்சாலையிலேயே நடந்த பிசகு என்று யாராவது எழுதித் தருவார்களா?

2

முதல் தொடக்கம்: ‘1973ஆம் ஆண்டு, பனி கொட்டிய ஒரு காலையில் கோவென்ட்ரி நகரம்...’

பனி நானாகக் கொட்டியது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: மாவிஸ் ப்ளென்கின் அந்தத் தொழிற்சாலையில் தகடு பொருத்தியவர். இப்போது எழுபது தாண்டி, செவ்வாய்தோறும் இங்கே வந்து பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“என் கை வேலைதான் இது. இடப்பக்கம் முடிச்சேன், டீ மணி அடிச்சிருச்சு. அடிச்சா கையில என்ன இருந்தாலும் கீழ போட்டுரணும். யூனியன் சண்ட போட்டு வாங்குன பத்து நிமிஷம்ல அது?”

“அப்புறம்?”

“பாதி வேலைன்னா கதவுல சிவப்புச் சீட்டு தொங்கவிடணும். மறந்துட்டேன். வேல முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு தகடு எடுத்துக் குடுக்குற லெஸ் அடுத்த வண்டிக்கான தகட்டு டிரேய வச்சுட்டுப் போயிட்டான். நானும் தகட்டப் படிக்காமலே மாட்டிட்டேன். மறுநாள் ஒரு தகடு மிச்சம். வண்டி கப்பல் ஏறிருச்சு. ஃபோர்மேன் கேட்டப்ப...”

“கேட்டப்ப?”

“சீட்டுத் தொங்கவிட்டேன்னு சொல்லிட்டேன்.”

லெஸ் கார்பட்டைத் தண்ணீர் ஊற்றித் தகரம் தேய்க்கும் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். இரண்டு குளிர்காலம். இன்றும் அவர் விரல்கள் சரியாக மடங்காது. செவ்வாய்தோறும் இங்கே டீ குடிக்க வரும் அவருக்குச் சர்க்கரைப் பொட்டலம் பிரித்துக் கொடுப்பவர் மாவிஸ்.

(இந்த வரியில் எனக்கு மாவிஸ் மேல் கோபம் வந்தது. அடுத்த வரி எழுதுவதற்குள் போய்விட்டது.)

3

மாவிஸ் டோவாவுக்கு உண்மையை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மூன்று செவ்வாயாகக் கடிதம் கைப்பையிலேயே கிடக்கிறது. கார் சங்கத்தார் அதைத் தங்கள் பத்திரிகையில் போடுவார்கள்; அது ஆங்கிலத்தில் இங்கேயும் வருகிறது. லெஸ் அந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர்.

முடிவு அ: லெஸ் சிரித்துக்கொண்டே, “எனக்கு அப்பவே தெரியும்” என்கிறார். அடித்தேன். அவ்வளவு மலிவாக மன்னிப்பு வாங்கித்தர நான் யார்?

முடிவு ஆ: லெஸ் கோட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார். இது என் கோபம் எழுதியது.

இரண்டையும் மாவிஸிடம் படித்துக் காட்டினேன்.

“ரெண்டும் ஒன் இஷ்டம். அவன் என்ன சொல்வான்னு அவன்தான் சொல்லணும்.”

4

இன்று செவ்வாய். பக்கத்து மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாவிஸ் சர்க்கரையைப் பிரித்துக் கொட்டி, கலக்கி, கோப்பையை லெஸ் பக்கம் நகர்த்துகிறார். பின்னாலேயே கடிதத்தையும்.

“என்ன மாவிஸ், காதல் கடிதமா? அம்பது வருஷம் லேட்டும்மா!”

“வாய மூடிட்டுப் படி, லெஸ்.”

லெஸ் மடங்காத விரலை வரிவரியாக நகர்த்திப் படிக்கிறார். இரண்டாவது பத்தியில் விரல் நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. மாவிஸ் இவரை இழந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். லெஸ்ஸின் விரல்களைப் பார்த்தால் அப்படி நினைக்கவும் கூச்சமாக இருக்கிறது.

பார்வையாளர்களுக்காக, பத்தரைக்குப் பழைய தொழிற்சாலையின் டீ மணியை அடிக்கிறார்கள். மாவிஸ் என் பக்கம் திரும்புகிறார்.

“மணி அடிச்சாச்சு. பேனாவக் கீழ போடு.”

“ஒரே ஒரு வரி...”

“பாதி வரின்னாலும் போடணும்.”

சிவப்புச் சீட்டை இங்கே தொங்கவிடுகிறேன், வாசகரே. மிச்சத்தை நீங்கள் பொருத்துங்கள். தயவுசெய்து தகட்டைப் படித்துவிட்டு. லெஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாவிஸை நிமிர்ந்து பார்த்து,